கதையை மாற்றலாம், யாரைக் கேட்டு மாற்றுவது?

(கூட்டமைப்பின் கோடை விடுமுறைக் கூட்டத்தில், பிள்ளைகளின் வாசிப்பு பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக நாம் கூடினால் சேமிப்பு, கடன், வட்டி என்றுதான் பேச்சு இருக்கும். இன்றைக்குக் கதை பேசப் போகிறோம். “கதை கேக்கவா வேலைய விட்டுட்டு வந்தோம்?” என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கதைக்குள்ளும் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது, ஒரு கையெழுத்து இருக்கிறது, ஒரு பெண்ணின் இருபது வருடப் பிடிவாதம் இருக்கிறது.

பிள்ளைகள் ஆசையாய்ப் படிக்கும் புத்தகத்தைப் படமாக எடுத்தால் உடனே ஒரு வாக்குவாதம் வரும். “புத்தகத்துல இருக்கிற மாதிரி இல்லையே” என்பார்கள் படித்தவர்கள். “சினிமான்னா கொஞ்சம் மாத்தித்தான் எடுக்கணும்” என்பார்கள் எடுத்தவர்கள். யார் பக்கம் நியாயம்? இதைத்தான் நாம் இன்று யோசிக்கப் போகிறோம்.

மோக்லியின் அம்மா எங்கே?

நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த மோக்லியிலிருந்தே தொடங்குவோம். டிவியில் பார்த்திருப்பீர்கள். ஓநாய்கள் வளர்த்த பையன். ருட்யார்ட் கிப்ளிங் என்பவர் 1894-ல் வெளியிட்ட ‘ஜங்கிள் புக்’ என்ற புத்தகத்தில் வருகிறவன். கதை நடப்பது நம் நாட்டில், மத்தியப் பிரதேசத்தின் சியோனி காட்டுப் பகுதியில். 1967-ல் அமெரிக்காவின் டிஸ்னி கம்பெனி இதைக் கார்ட்டூன் படமாக எடுத்தது.

அந்தப் படத்தில் ‘கா’ என்ற மலைப்பாம்பு மோக்லியை விழுங்கப் பார்க்கும். புத்தகத்தில் அப்படியே தலைகீழ். குரங்குக் கூட்டம் தூக்கிக்கொண்டு போன மோக்லியை, கரடியோடும் கருஞ்சிறுத்தையோடும் சேர்ந்து காப்பாற்றுவதே அந்தப் பாம்புதான். பாலு என்ற கரடி படத்தில் ஆடிப்பாடித் திரியும். புத்தகத்தில் அது காட்டுச் சட்டத்தைச் சொல்லிக்கொடுக்கும் கண்டிப்பான வாத்தியார்.

இதையெல்லாம் கூட விட்டுவிடலாம். மோக்லியை வளர்த்த தாய் ஓநாய்க்குப் புத்தகத்தில் ரக்ஷா என்று பெயர். ஷேர்கான் என்ற புலி குகை வாசலில் வந்து நின்று, அந்த மனிதக் குழந்தையைத் தனக்குக் கொடுக்கச் சொல்லி உறுமுகிறது. அப்போது முன்னால் பாய்ந்து வந்து, கொடுக்க முடியாது என்று எதிர்த்து நிற்பவள் அவள்தான். புலியே பின்வாங்கிப் போகிறது. 1967 படத்தில் இந்தக் காட்சி கிடையாது. படத்தை மட்டும் பார்த்த பிள்ளைக்கு, இப்படி ஒரு தாய் இருந்தாள் என்பதே தெரியாமல் போய்விடும்.

கிப்ளிங் 1936-லேயே இறந்துவிட்டார். ‘ஏன் மாற்றினீர்கள்?’ என்று கேட்க அவர் இல்லை. ஆனால் உயிரோடு இருந்து, நேருக்கு நேர் கேட்ட ஒரு பெண் உண்டு. அவர் கதைக்கு வருவோம்.

இருபது வருடம் ‘முடியாது’ என்று சொன்னவர்

அவர் பெயர் பி. எல். டிராவர்ஸ். 1899-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அப்பா வங்கியில் வேலை பார்த்தவர். இவருக்கு ஏழு வயதாக இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். வளர்ந்தபின் இங்கிலாந்துக்குப் போய் எழுத்தாளர் ஆனார். 1934-ல் ‘மேரி பாபின்ஸ்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். லண்டனில் ஒரு வங்கி ஊழியர் வீட்டுக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆயா வருகிறாள். கிழக்குக் காற்றோடு வருகிறாள், மேற்குக் காற்று அடித்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு பறந்து போகிறாள். கொஞ்சிக் குலாவுகிற ஆயா இல்லை. கறார் பேர்வழி. எதற்கும் விளக்கம் சொல்ல மாட்டாள். ஆனால் அவள் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகளுக்குப் பயமே இருக்காது.

இந்தப் புத்தகத்தை டிஸ்னி கம்பெனியின் முதலாளி வால்ட் டிஸ்னியின் பெண்கள் விரும்பிப் படித்தார்கள். படமாக்கத் தரும்படி அவர் கேட்டார். டிராவர்ஸ் மறுத்தார். திரும்பத் திரும்பக் கேட்டும் சுமார் இருபது வருடம் அசையவில்லை. தன் மேரியைச் சர்க்கரைப் பொம்மையாக மாற்றிவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம்.

பிறகு புத்தக வருமானம் குறைந்துவந்த காலத்தில் சம்மதித்தார். சும்மா சம்மதிக்கவில்லை. முன்பணம் 1,00,000 டாலர், படத்தின் வருமானத்தில் 5 சதவீதம் பங்கு, அதோடு திரைக்கதையைப் பார்த்து ஒப்புதல் தரும் உரிமை. 1961-ல் அமெரிக்காவுக்கே போய், எழுதுகிறவர்களோடும் பாட்டு போடுகிறவர்களோடும் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தார். பேசியது அத்தனையும் டேப்பில் பதிவாக வேண்டும் என்றார். அந்த டேப்புகள் பத்திரமாக இருந்தன. நாம் தீர்மான நோட்டு எழுதுகிறோமே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கவனமாக இருந்தும் ஒரு ஓட்டை இருந்தது. கதையைப் பார்த்து ஒப்புதல் தரும் உரிமை அவரிடம். எடுத்து முடித்த படத்தில் எதை வைப்பது, எதை வெட்டுவது என்ற உரிமை டிஸ்னியிடம். 1964 ஆகஸ்ட் 27-ல் முதல் காட்சி. அவருக்கு அழைப்பு வரவில்லை. தானே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். படம் பார்த்து அழுதார். நடிகர்களோடு கார்ட்டூன் உருவங்கள் சேர்ந்து ஆடும் பகுதியை எடுத்துவிட வேண்டும் என்று டிஸ்னியிடம் கேட்டார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார் டிஸ்னி.

படம் பெரிய வெற்றி. 5 ஆஸ்கர் விருதுகள் வாங்கியது. டிராவர்ஸுக்குப் பணமும் வந்தது. ஆனால் மனக்குறை தீரவே இல்லை. பின்னாளில் அதே கதையை மேடை நாடகமாக்க ஒருவர் கேட்டபோது, எழுதுகிறவர்கள் இங்கிலாந்துக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும், படத்தில் வேலை பார்த்தவர்கள் யாரும் கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். 1996-ல் அவர் காலமானார்.

அப்படியானால் மாற்றவே கூடாதா?

அப்படியும் சொல்ல முடியாது. டிராவர்ஸே தன் புத்தகத்தை மாற்றியவர்தான். 1934-ல் எழுதிய ஒரு அத்தியாயத்தில் உலகின் நாலு திசைகளில் வாழும் மக்கள் வருவார்கள். கறுப்பின மக்களையும் மற்றவர்களையும் மட்டமாகக் காட்டுகிற விதத்தில் அது இருந்தது. பலரும் அதைக் குறை சொன்னார்கள். 1981 பதிப்பில் அந்த மனிதர்களை எடுத்துவிட்டு, பனிக்கரடி, பாண்டா, டால்பின், கிளி என்று மாற்றி எழுதினார். ஒரு பிள்ளையின் மனம் நோகுமென்றால் மாற்றத்தானே வேண்டும்.

மாற்றம் எல்லாமே கெட்டதும் இல்லை, நல்லதும் இல்லை. படத்தில் பிள்ளைகளின் அம்மாவைப் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடுகிறவராகக் காட்டினார்கள். புத்தகத்தில் அவர் அப்படி இல்லை. நமக்குக் கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் முடிவைப் பாருங்கள். போராட்டத்துக்கு மார்பில் போட்டிருந்த துணிப்பட்டையை அந்த அம்மா பிள்ளைகளின் காற்றாடிக்கு வாலாகக் கட்டிவிடுகிறார். கதை நடப்பதாகப் படம் காட்டுவது 1910. அந்த நாட்டில் பெண்களில் ஒரு பகுதிக்கு ஓட்டு கிடைத்ததே 1918-ல்தான், ஆண்களுக்குச் சமமாகக் கிடைத்தது 1928-ல். போராட்டம் முடியும் முன்னே பட்டை காற்றில் பறந்துவிட்டது! இது சரியா என்று நீங்களே உங்கள் குழுவில் பேசிப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை. டிராவர்ஸ், டிஸ்னி இருவருக்கும் நடந்த இந்த இழுபறியையே 2013-ல் டிஸ்னி கம்பெனி ஒரு படமாக எடுத்தது. அதில் முதல் காட்சி பார்த்து அவர் மனம் இளகி அழுவதாக வருகிறது. உண்மையில் அவர் சமாதானம் ஆகவே இல்லை. கதையை மாற்றினார்கள், கடைசியில் கதை எழுதியவரின் வாழ்க்கையையும் மாற்றிவிட்டார்கள்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. அதில் 57-ஆவது பிரிவு முக்கியமானது. உரிமையை விற்றபிறகும், ‘இது நான் எழுதியது’ என்று சொல்லும் உரிமை எழுதியவருக்கு உண்டு. தன் மதிப்பும் பெயரும் கெடும்படி சிதைத்தால் தடுக்கவும் நஷ்டஈடு கேட்கவும் உரிமை உண்டு.

இந்தப் பிரிவை வைத்து வழக்குப் போட்டவரும் ஒரு பெண்தான். மன்னு பண்டாரி என்ற இந்தி எழுத்தாளர். பிரிந்துபோன பெற்றோருக்கு நடுவே தவிக்கும் பண்ட்டி என்ற சிறுவனைப் பற்றி நாவல் எழுதினார். பெரியவர்கள் படிக்கும் நாவல்தான், ஆனால் ஒரு பிள்ளையின் மனசைப் பற்றியது. அதைப் படமாக்கியவர்கள் கதையைச் சிதைத்துவிட்டார்கள் என்று கோர்ட்டுக்குப் போனார். படத்துக்காகச் சில மாற்றங்கள் தேவைப்படும் என்பதை டெல்லி உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அதே சமயம், ஒப்பந்தம் போட்டுவிட்டதாலேயே 57-ஆவது பிரிவு தரும் உரிமை போய்விடாது என்று 1986-ல் தெளிவாகச் சொன்னது. பிறகு இரு தரப்பும் சமரசம் ஆனார்கள். ஒரு பெண் எழுந்து கேட்டதால் எழுதுகிற எல்லாருக்கும் வழி பிறந்தது.

காத்திருந்த டோட்டோ-சான்

மனசுக்கு நிறைவான ஒரு செய்தியையும் சொல்கிறோம். ஜப்பானைச் சேர்ந்த டெட்சுகோ குரோயாநாகி தன் பள்ளிப் பருவத்தைப் பற்றி 1981-ல் எழுதிய புத்தகம் ‘டோட்டோ-சான்’. பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறை, பிள்ளை பேசுவதைப் பொறுமையாகக் கேட்கும் தலைமை ஆசிரியர் என்று அருமையான புத்தகம். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழிலும் வந்திருக்கிறது. படமாக்கக் கேட்டு வந்தவர்களை அவர் மறுத்தே வந்தார். கடைசியில் 2023 டிசம்பரில்தான், அவருடைய 90-ஆவது வயதில், கார்ட்டூன் படமாக வெளிவந்தது. படத்தில் கதை சொல்லும் குரலும் அவருடையதே. 42 வருடம் பொறுத்திருந்து, தன் குரலையும் உள்ளே வைத்துக் கொடுத்தார்.

நாம் என்ன செய்யலாம்?

சகோதரிகளே, பிள்ளைகளைப் படம் பார்க்காதே என்று தடுக்க வேண்டாம். படமும் நல்லதுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளைக்குப் படம்தான் கதவு. ஆனால் கதவோடு நின்றுவிடக் கூடாது. படம் பார்த்த பிள்ளையை ஊர் நூலகத்துக்குக் கூட்டிப் போய்ப் புத்தகத்தைத் தேடச் சொல்லுங்கள். கிடைத்தால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நமக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் காது இருக்கிறதே! “படத்துல இல்லாதது இதுல என்ன இருக்கு? அவங்க ஏன் விட்டுட்டாங்க?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வி கேட்கப் பழகிய பிள்ளையை நாளைக்கு யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. உலகமே அறிந்த எழுத்தாளர், இருபது வருடம் யோசித்தவர், அவருக்கே ஒரு வரி கைநழுவிப் போனது. முதலில் எதற்கு நம் சம்மதம் வேண்டும் என்று மட்டும் பார்த்தால் போதாது. கடைசி முடிவு யார் கையில் என்று எழுதியிருக்கிறது என்பதையும் படித்துப் பார்த்து, கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

கதையை யாரும் மாற்றிச் சொல்லலாம். நம் பாட்டிமார்களும் ஊருக்கு ஒரு விதமாய்ச் சொன்னவர்கள்தான். ஆனால் ஒருவர் உழைத்து உருவாக்கியதை மாற்றும்போது அவரைக் கேட்க வேண்டும், அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும். இந்த விடுமுறை முடிவதற்குள் குழுவுக்கு ஒரு புத்தகமாவது எடுத்து வந்து, பிள்ளைகளை வாசிக்க வைத்து எல்லாரும் உட்கார்ந்து கேட்போம். புலியை எதிர்த்து நின்ற அந்தத் தாயைப் பற்றி முதலில் வாசிக்கச் சொல்வோம்.