பதவியும் பணியும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



செய்யும் தொழிலில் மகிழ்ச்சி இல்லையென நம் இளைஞர் பலர் குறைப்படுகின்றனர். உயர்ந்த பதவி கிடைத்தால் மகிழ்ச்சியும் வந்துவிடும் என்று எண்ணுகின்றனர். நம் மட்டக்களப்பு மண்ணின் மைந்தர் ஒருவரது வாழ்வு இதற்கு விடை தருகின்றது.

1892இல் காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார் விஞ்ஞானப் பட்டதாரி. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர். அப்பதவியைத் துறந்து 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். 1924இல் விபுலாநந்த அடிகளானார்.

பதவியைத் துறந்தவர் கற்ற விஞ்ஞானத்தைத் துறந்தாரா? இல்லை. வழக்கொழிந்த யாழைக் கணித அறிவு கொண்டே ஆராய்ந்தார். பல்லாண்டு உழைப்பு 1947இல் ‘யாழ் நூல்’ ஆயிற்று. அவ்வாண்டே அவர் மறைந்தார். இடையில், 1929இல், கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தையும் நமக்குத் தந்தார்.

தமிழ், விஞ்ஞானம், தொண்டு ஆகிய மூன்றும் அவர் உள்ளம் விரும்பியவை. அம்மூன்றையும் ஒன்றாக்கியதே அவர் கண்ட வழி. பிறரைப் பார்த்து நடித்ததன்று. அதனாலேயே பிறர் அவரைப் பின்பற்றினர்.

நண்பர்களே, யார் தலைவர், யார் செயலாளர் என்று நாம் வழக்காடும் வேளையில், அறநெறி வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியரின்றிக் காத்திருக்கின்றனர். வருகின்ற ஞாயிறு அவர்கள்முன் சென்று நிற்பவர் எவரோ, அவரே நம் தலைவர். மகிழ்ச்சி எங்கே என்று அவர் பிறரிடம் கேட்கமாட்டார்.