மாட்டுக்கு ஊசி போட யாருக்கு உரிமை?

வேளாங்கண்ணியிலிருந்து வயல்வெளிப் பக்கம் போனால் உம்பளாச்சேரி மாடுகளைப் பார்க்கலாம். சேற்றில் சளைக்காமல் உழுகிற இனம். அப்படி ஒரு மாடு அசைபோடாமல் படுத்துவிட்டால் வீட்டில் எல்லார் முகமும் வாடிப்போகும். அந்தப் பதற்றத்தில், பையில் சிரிஞ்சோடு வண்டியில் வருகிற எவரையும் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுகிறோம்.

சட்டம் அப்படிக் கூப்பிடுவதில்லை. 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின் 30ஆவது பிரிவுப்படி, மன்றத்தில் பதிவு செய்தவர்தான் வைத்தியம் பார்க்கலாம். மாட்டின் உடல்நிலைச் சான்றிதழில் கையெழுத்திடுவதும், கோர்ட்டில் நிபுணராகச் சாட்சி சொல்வதும் அவர்தான். பதிவுக்குக் கால்நடை மருத்துவப் பட்டம் வேண்டும். நம் ஒரத்தநாட்டுக் கல்லூரியிலேயே படிக்கலாம். பயிற்சியோடு ஐந்தரை வருஷம். பதிவையும் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

அப்படியானால் கால்நடை ஆய்வாளர், உதவியாளர்? தடுப்பூசி, காயத்துக்குக் கட்டு, காயடிப்பு மாதிரிச் சிறு வேலைகளை, அரசு அனுமதி பெற்றவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம். நல்ல ஏற்பாடுதான், ஊருக்கு ஒரு டாக்டர் எங்கே கிடைப்பார்? ஆனால் நோயைக் கணித்து ஆண்டிபயாட்டிக் கொடுப்பது டாக்டர் வேலை. அரைகுறை அளவில் போட்டால் கிருமிக்கு அது பழகிப்போகும். கறக்கிற பாலிலும் மருந்து இறங்கும். அந்தப் பால் நம் வீட்டுக் குழந்தைக்கும்தான் போகிறது.

அடுத்த முறை பதிவு எண்ணைக் கேளுங்கள், உண்மையான டாக்டர் கோபிக்க மாட்டார். அவசரமென்றால் 1962-க்குப் போன் போடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.