பெயர் மட்டுமா கேட்டார் சங்கரலிங்கனார்?

(விருதுநகரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளைக்காரன் 1947 ஆகஸ்டு 15-ந் தேதி போய்விட்டான். அவன் வைத்த பெயர் போவதற்கு மேலும் 21 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நாம் வாழும் இந்த ராஜ்யத்துக்குத் 'தமிழ்நாடு' என்ற பெயர் சட்டப்படி அமலுக்கு வந்தது 1969 ஜனவரி 14-ந் தேதி, பொங்கல் திருநாளன்று. அந்தப் பெயரைக் கேட்டு உயிர் கொடுத்தவர் இந்த விருதுநகர் மண்ணின் மைந்தர், தியாகி சங்கரலிங்கனார். அவர் எதைக் கேட்டார், நமக்கு எது கிடைத்தது, எது பாக்கி நிற்கிறது என்பதைப் பார்க்கவே இங்கே கூடியிருக்கிறோம்.

'மெட்ராஸ்' எங்கிருந்து வந்தது?

கிழக்கிந்தியக் கம்பெனி 1639-ல் கடற்கரையோரத்தில் கொஞ்சம் இடம் வாங்கியது, கோட்டை கட்டியது, வியாபாரம் செய்தது. பிறகு பீரங்கியைக் காட்டி ஊர் ஊராகப் பிடித்தது. பிடித்த இடத்தையெல்லாம் அந்தக் கோட்டை ஊரின் பெயராலேயே 'மெட்ராஸ் ராஜதானி' என்றது. தமிழனும் தெலுங்கனும் மலையாளியும் கன்னடியனும் ஒரே ராஜதானியில் அடைக்கப்பட்டார்கள். ஜனங்கள் என்ன மொழி பேசுகிறார்கள் என்று அவன் பார்க்கவில்லை. வரி ஒழுங்காக வசூலாகிறதா என்றுதான் பார்த்தான்.

இதை நம் முன்னோர்கள் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. 1799 அக்டோபர் 16-ந் தேதி கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு நமக்குத் தூரமில்லை. 1801 ஜூன் 16-ந் தேதி மருது சகோதரர்களின் பிரகடனம் திருச்சிக் கோட்டை வாசலில் ஒட்டப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். பாளையக்காரர்கள் உழைப்பாளி ராஜ்யம் அமைக்கக் கிளம்பியவர்கள் அல்ல. ஆயினும், ஜாதி வித்தியாசமின்றி எல்லோரும் அந்நியனுக்கு எதிராக எழ வேண்டும் என்று அந்தப் பிரகடனம் அழைத்தது. நாம் ஒரே ஜனங்கள் என்ற உணர்ச்சி இப்படித்தான் முளைத்தது. அந்நியனை எதிர்த்த போரில்தான் அது வளர்ந்தது.

காங்கிரஸ் ஸ்தாபனமும் இதை அறிந்திருந்தது. 1920 நாகபுரி மகாசபையில் மொழிவாரியாக மாகாணக் கமிட்டிகளை அமைக்கத் தீர்மானித்தது. வெள்ளைக்காரன் 'மெட்ராஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே, காங்கிரஸ் தன் கமிட்டிக்குத் 'தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி' என்று பெயர் வைத்தது. ஜனங்களை ஜெயிலுக்கு அழைத்தபோது தமிழ்நாடு என்ற பெயர் வேண்டியிருந்தது. அதே காங்கிரஸ் சர்க்கார் நடத்த வந்ததும் அந்தப் பெயர் ஏன் கசந்தது?

இரண்டரை மாதப் பட்டினி

சங்கரலிங்கனார் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. காந்தியாரைப் பின்பற்றிக் கதர் உடுத்தியவர். உப்புச் சத்தியாக்கிரகத்தில் பங்கு கொண்டவர். 1956 ஜூலை 27-ந் தேதி அவர் உண்ணாவிரதம் தொடங்கினார். அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ஆந்திர ராஜ்யம் கேட்டுப் பட்டினி கிடந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உயிர் நீத்ததும், மறு வருஷமே ஆந்திரம் பிறந்ததும் நாடறிந்த சேதி. இந்தப் பாதை எங்கே போய் முடியும் என்று தெரிந்துதான் சங்கரலிங்கனாரும் உட்கார்ந்தார்.

அன்று முதல் மந்திரியாக இருந்த காமராஜரும் விருதுநகர்க்காரரே. சுதந்திரப் போரில் பல ஆண்டு சிறையிருந்தவர். இரண்டு தேசபக்தர்கள், ஒரே ஊர். ஒருவர் பந்தலில், ஒருவர் கோட்டையில். அண்ணாதுரை உள்பட மற்றக் கட்சித் தலைவர்கள் வந்து, உண்ணாவிரதத்தை நிறுத்துங்கள் என்று மன்றாடினார்கள். பெரியவர் அசையவில்லை. சர்க்காரும் அசையவில்லை. அக்டோபர் 13-ந் தேதி மதுரை ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது.

அவருடைய விருப்பப்படி உடல் கம்யூனிஸ்டுகளிடம் ஒப்படைக்கப்பட்டது. தோழர்கள் கே.டி.கே. தங்கமணியும் ஜானகி அம்மாளும் அதைப் பெற்றுக்கொண்டார்கள். வாழ்நாளெல்லாம் காங்கிரஸ்காரராக இருந்தவர், சாகும்போது தம் உடலைச் செங்கொடியிடம் விட்டுச் சென்றார் என்றால், அவர் மனம் எவ்வளவு நொந்திருக்க வேண்டும்!

பன்னிரண்டு கோரிக்கைகள்

தோழர்களே! அவர் பெயரை மட்டும் கேட்டார் என்றுதான் இன்று பலரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. அவருடைய கோரிக்கைகள் 12. மொழிவாரி ராஜ்யம், தமிழ்நாடு என்ற பெயர் ஆகியவற்றோடு வேறு சிலவும் அதில் இருந்தன. மத்திய சர்க்கார் இந்தியை மட்டும் உபயோகிக்கக் கூடாது என்றார். ரயிலில் எல்லோருக்கும் ஒரே வகுப்பு வேண்டும் என்றார். தலைவர்கள் எளிமையாக வாழ வேண்டும் என்றார். உழுகிற விவசாயிக்கு விளைச்சலில் 60 சதவிகிதம் சேர வேண்டும் என்றார்.

பெயரையும் வாரத்தையும் ஒரே காகிதத்தில் எழுதியவர் அவர். நாடு என்பது படத்தில் போட்ட கோடு அல்ல. அதில் உழுகிறவனுக்குப் பங்கு இருந்தால்தான் அது அவன் நாடு என்பதே அவர் சொன்ன சேதி.

பெயர் வந்த கதை

அவர் இறந்த 19-வது நாள், நவம்பர் 1-ந் தேதி, மொழிவாரி ராஜ்யங்கள் அமைந்தன. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மோடு சேர்ந்தன. ஆனால் பெயர் 'மெட்ராஸ்' என்றே நின்றது. 1957-ல் சட்டசபையில் வந்த பெயர் மாற்றத் தீர்மானம் தோற்றது. 1961-ல் சர்க்கார் பாதி வழி இறங்கியது. தமிழில் எழுதினால் தமிழ்நாடு, ஆங்கிலத்தில் எழுதினால் மெட்ராஸ் ஸ்டேட் என்றது. வீட்டுக்குள் ஒரு பெயர், வெளியே ஒரு பெயர்!

தோழர் பூபேஷ் குப்தா ராஜ்ய சபையில் பெயர் மாற்ற மசோதா கொண்டுவந்தார். அவர் வங்காளி. தமிழனின் பெயருக்காக வங்காளி வாதாடினார். ஒரு ஜனத்தின் உரிமை மற்றொரு ஜனத்துக்குப் பகை அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 1963-ல் அண்ணாதுரை அந்தச் சபையில் மசோதாவை ஆதரித்துப் பேசினார். அப்போதும் அது தோற்றது. 1967-ல் ஆட்சி மாறிய பின், ஜூலை 18-ந் தேதி சட்டசபை ஒருமனதாகத் தீர்மானித்தது.

உலகமெங்கும் இதே கதைதான். ஆப்பிரிக்காவில் எந்தப் பொருளைக் கொள்ளையிட்டானோ அதையே வெள்ளையன் நாட்டுக்குப் பெயராக வைத்தான், 'தங்கக் கடற்கரை' என்று. 1957 மார்ச் 6-ந் தேதி அந்த ஜனங்கள் சுதந்திரம் பெற்று, 'கானா' என்று தங்கள் நாட்டுக்குத் தாங்களே பெயர் வைத்தார்கள்.

பாக்கி நிற்பது

பெயர் வந்துவிட்டது. நமது சாத்தூர், சிவகாசிப் பக்கம் திரும்பிப் பாருங்கள். பட்டாசு ஆலையில் எவ்வளவு மருந்து வைக்கலாம், ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதெல்லாம் மத்திய சர்க்காரின் விதிகள். மத்திய கெஜட் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. மருந்து கலக்குகிறவன் பேசுவதோ தமிழ். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் எத்தனை உயிர்கள் கருகின என்பதை இந்த ஜில்லா மறக்காது. விதி தொழிலாளியின் மொழியில் அவன் கைக்கு வர வேண்டும்; 'இந்த விதி மீறப்படுகிறது, வேலை செய்ய மாட்டோம்' என்று சொல்லும் தைரியத்தைச் சங்கம் அவனுக்குத் தர வேண்டும். அங்கே மொழியுரிமை உயிருரிமையே.

சென்னை ஹைகோர்ட்டில் தமிழும் வழங்க வேண்டும் என்று 2006-ல் சட்டசபை தீர்மானித்தது. இன்றும் அங்கே ஆங்கிலமே. தன் கூலி வழக்கு எப்படி வாதாடப்படுகிறது என்று புரியாமல் தொழிலாளி பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

வார விஷயம் என்ன? 1956-ஆம் வருஷத்து நியாய வாரச் சட்டம் நஞ்சை நிலச் சொந்தக்காரனுக்கு 40 சதவிகிதம் என்று வகுத்தது. உழுகிறவனுக்கு 60. பெரியவர் கேட்ட கணக்கே அது! ஆனால் பதிவில் பெயர் இல்லாத குத்தகைக்காரனுக்கு அந்தச் சட்டத்தைக் காட்டிப் பேச வழி ஏது? நிலமே இல்லாத கூலியாளுக்கு அதில் பங்கு ஏது?

ஆகவே தோழர்களே! சங்கரலிங்கனார் படத்துக்கு மாலை போடுவோம்; நன்றாகப் போடுவோம். மாலை போட்ட கையோடு அவருடைய 12 கோரிக்கைகளையும் ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் வாய்விட்டு வாசிப்போம். எது வந்தது, எது வரவில்லை என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுப்போம். வராததைச் சங்கத்தின் கோரிக்கையாக்குவோம். தமிழ்நாடு என்ற பெயரைப் பெற்றுத் தந்தவர் பட்டினி கிடந்தார். அந்தப் பெயருள்ள நாட்டில் உழைக்கிறவன் பட்டினி கிடக்கக் கூடாது.

தியாகி சங்கரலிங்கனார் நாமம் வாழ்க! தொழிலாளர் விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!