விலக்கு வேண்டாம், விளக்கு போடுங்க!

(பட்டிமன்றத் தலைப்பு: ஊரைவிட்டு வெளியே பணிபுரியும் படைவீரர்கள் சொந்த ஊரில் வீட்டு வரி கட்ட வேண்டுமா, வேண்டாமா? "கட்டத்தான் வேண்டும்" அணியில் ஆற்றிய உரை.)



எனக்கு முன்னால பேசின எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டாரு. "இந்தம்மா வீட்டுக்காரரே பட்டாளத்துல இருக்காரு. இவங்க போயி 'வரி கட்டணும்'ங்கிற அணியில உட்கார்ந்திருக்காங்களே, வீட்ல ஏதாவது சண்டையா?"ன்னு கேட்டாரு. ஐயா, சண்டை போடணும்னாலும் மனுஷன் பக்கத்துல இருக்கணுமே! அவர் இருக்கிறது வடக்கே எல்லையில. நான் இருக்கிறது கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துல ஒரு கிராமத்துல. எங்க வீட்ல சண்டைகூட வருஷத்துக்கு ஒரு தடவை, லீவு கிடைச்சாத்தான்! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, படைவீரனின் பெருமையை எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இது எந்த மாவட்டம்? ஆவடி இருக்கிற மாவட்டம். ராணுவத்துக்கு டாங்கி செய்யறது ஆவடியில. வீரன் போடுற உடுப்பு தைக்கிறது ஆவடியில. மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் ஆவடியில. அந்த உடுப்பைத் துவைச்சுக் காயப்போட்டவ நான். அதனால வீரனுக்கு மரியாதை வேணுமா, வேண்டாமான்னு இங்கே யாரும் வாதாட வரலை. அந்த மரியாதையை யாரு, எந்தப் பையிலேருந்து எடுத்துக் கொடுக்கிறதுங்கிறதுதான் கேள்வி.

எதிரணித் தலைவர் ஆந்திராவைக் காட்டினாரு. நியாயம்தான். எங்க ஊர்லேருந்து எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டினா தடா. அங்கேருந்து ஆந்திரா. 2025 மே மாசம், எல்லையில மோதல் நடந்த அந்த நாட்கள்ல, ஆந்திரத் துணை முதல்வர் பவன் கல்யாண் ஓர் அறிவிப்பு கொடுத்தாரு. கிராம ஊராட்சி எல்லைக்குள்ள இருக்கிற படைவீரர் வீட்டுக்கு வீட்டு வரி கிடையாதுன்னாரு. அதுக்கு முன்னாடி ஓய்வு பெற்றவர்களுக்கும், எல்லையில இருக்கிறவங்களுக்கும்தான் அந்தச் சலுகை. இப்போ நாட்டுல எந்த மூலையில பணியில இருந்தாலும் உண்டு. ஒரு வீட்டுக்கு மட்டும்.

"பாருங்க, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரி இல்லை, இந்தப் பக்கம் வரி இருக்கு. ஒரே நாடு, ஒரே ராணுவம், ஒரே குண்டு. இது என்ன நியாயம்?"னு அண்ணன் கேட்டதும் நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். மனசு நல்ல மனசு. அதுல சந்தேகமே இல்லை.

ஆனா அண்ணே, ஒரே ஒரு கணக்கு மட்டும் பார்க்கணும். வீட்டு வரி யாருக்குப் போற பணம்? வருமான வரி மாதிரி டெல்லிக்குப் போற பணமா? விற்பனை வரி மாதிரி கோட்டைக்குப் போற பணமா? இல்லைங்க. 1994-ஆம் வருஷத்து தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சி போடுற வரி அது. ஊராட்சியே வசூல் பண்ணும், ஊராட்சிக்கே செலவாகும். தொட்டியில தண்ணி ஏத்துற மோட்டாருக்கு, தெருவைப் பெருக்குற அம்மாவுக்கு, கம்பத்துல எரியற பல்புக்கு. அந்தப் பெட்டியில கையை வெச்சு ஒருத்தருக்கு மாலை வாங்கிப் போட்டா, மாலை போட்டது யாரு? மேடையில நிக்கிற பெரியவரா? தெருவைப் பெருக்குற அந்த அம்மாவா? (கைதட்டல்)

இன்னொண்ணு சொல்றேன். வேலூர் மாவட்டத்துல கம்மவான்பேட்டைன்னு ஓர் ஊர். ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பின ஊரு. அந்த மாதிரி ஊர்ல படைவீரர் வீட்டுக்கெல்லாம் வரி இல்லைன்னு சொல்லிட்டா, வரி கட்ட மிச்சம் யாரு இருப்பாங்க? ஒரு பிள்ளையும் அனுப்பாத ஊர்ல பெட்டி நிறைஞ்சிருக்கும். வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்த ஊர்ல பெட்டி காலியாக் கிடக்கும். அதிகமாக் கொடுத்த ஊருக்கு இதுவாங்க பரிசு?

உடனே அண்ணன் கேப்பாரு, "அப்போ வீரனுக்குச் சலுகையே கூடாதா?"ன்னு. வேணும்! தாராளமா வேணும்! ஆனா எப்படிக் கொடுக்கணும்? இங்கிலாந்துக்காரன் ஒரு வழி பண்ணினான். ஈராக், ஆப்கானிஸ்தான்னு அவங்க வீரர்கள் போயிருந்த காலம். அங்கேயும் இதே கேள்வி வந்தது. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு அங்கே நிக்கிறவன், இங்கே பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு உள்ளாட்சி வரி கட்டணுமான்னு. 2008-ல ஒரு சலுகை கொண்டு வந்தாங்க. 2012-ல அதை ரெண்டு மடங்கா ஆக்கினாங்க. ஆறு மாசப் பணிக்கு ஏறக்குறைய 600 பவுண்டு. ஆனா அந்தப் பணத்தைக் கொடுத்தது யாருங்கிறதுதான் முக்கியம். உள்ளாட்சியைப் பார்த்து "நீ விட்டுக் கொடு"ன்னு சொல்லலை. பாதுகாப்புத் துறை தன் கையிலேருந்து எடுத்து வீரனுக்குக் கொடுத்தது. வீரனுக்கும் பாரம் குறைஞ்சது, ஊர்ப் பெட்டியும் குறையலை. அனுப்பினது நாடு. அப்போ கொடுக்க வேண்டியதும் நாடுதானே ஐயா?

பழைய கதைக்கும் வரேன். அந்தக் காலத்துல போர்ல விழுந்த வீரனுடைய குடும்பத்துக்கு நிலம் கொடுத்தாங்க. உதிரப்பட்டின்னு அதுக்குப் பேரு. கல்வெட்டுலேயே இருக்கு. எதிரணியில இதைச் சொன்னாங்க. நான் மறுக்கலை. உயிரைக் கொடுத்தவன் வீட்டுக்கு, கணவனை இழந்து நிக்கிற என் சகோதரிக்கு, கை கால் இழந்து திரும்பின வீரனுக்கு எந்தச் சலுகை கொடுத்தாலும் தலை வணங்கறேன். அங்கே நான் வாதாட மாட்டேன். ஆனா என் வீட்டுக்காரர் நல்லாயிருக்காரு. மாசம் பொறந்தா சம்பளம் வருது. ராணுவ முகாம் கட்டடம் மத்திய அரசு சொத்து. அதுக்கு உள்ளூர் வரி போட முடியாதுன்னு அரசியல் சட்டம் 285-ஆவது பிரிவுலேயே சொல்லியிருக்கு. ஆனா எங்க வீடு மத்திய அரசு சொத்து இல்லீங்க. அவர் சேர்த்து வெச்ச காசுல, என் அத்தை நின்னு கல்லு மண்ணு பார்த்துக் கட்டின சொந்த வீடு!

இப்போ நான் ஏன் இந்த அணியில உட்கார்ந்தேன்னு சொல்லிடறேன். இது புத்தகத்துல படிச்சது இல்லை.

எங்க பக்கம் எல்லாருக்கும் சிப்காட்தான் சோறு. நானும் அங்கே ஒரு கம்பெனியில வேலை பார்க்கிறேன். ரெண்டாவது ஷிப்ட் முடிஞ்சா கம்பெனி பஸ் ராத்திரி பத்தரை மணிக்கு மெயின் ரோட்டுல இறக்கி விட்டுடும். அங்கேருந்து எங்க தெரு வரைக்கும் இருட்டு. நாலு பொண்ணுங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, செல்போன் வெளிச்சத்துல நடப்போம். கம்பம் இருக்கு, விளக்கு இல்லை. ஒரு சுதந்திர தின கிராம சபைக் கூட்டம். "ராணுவ வீரர் மனைவி"ன்னு என்னை முன்வரிசையில உட்கார வெச்சாங்க. சட்டையில கொடி குத்தினாங்க. மிட்டாய் கொடுத்தாங்க. சந்தோஷமா எழுந்து, "எங்க தெருவுக்கு ஒரு விளக்கு வேணும்"னு கேட்டேன்.

கூட்டத்துல பின்னாலேருந்து ஒரு குரல். "முதல்ல உங்க வீட்டு வரி பாக்கியைக் கட்டச் சொல்லுங்க. அப்புறம் விளக்கு கேக்கட்டும்."

உண்மைதான் நடுவர் அவர்களே. ரெண்டு வருஷம் நானும் பிள்ளைகளும் அவரோட குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். வீடு பூட்டிக் கிடந்தது. யாரும் கட்டலை. யாரும் கேட்டுச் சொல்லவும் இல்லை. நான் அப்படியே உட்கார்ந்துட்டேன். நெஞ்சுல குத்தின கொடி கனத்துப் போச்சு. அந்த ஆளு மேல எனக்குக் கோபம் வரலை. அவர் கேட்டது சரியான கேள்வி.

மறுநாள் காலையில போயி பாக்கியைப் பூரா கட்டினேன். பெரிய தொகை இல்லீங்க. பிள்ளைகளுக்குத் தீபாவளித் துணி எடுக்கிற காசு. ரசீதை மடிச்சுப் பர்ஸுல வெச்சேன். காந்தி ஜெயந்தி கிராம சபை வந்தது. இந்தத் தடவை முன்வரிசையில உட்காரலை. ஊர்ப் பொண்ணுங்களோட உட்கார்ந்தேன். எழுந்து ரசீதைக் கையில தூக்கிப் பிடிச்சேன். "ராணுவ வீரர் மனைவியா கேக்கலை. வரி கட்டினவளா கேக்கறேன். விளக்கு எங்கே?"ன்னேன். (பலத்த கைதட்டல்) தீர்மானத்துல எழுதினாங்க. பொங்கலுக்கு முன்னாடி அந்தக் கம்பத்துல விளக்கு எரிஞ்சது.

அந்த ரசீதை போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். பெரிசு பண்ணிப் பார்த்தாராம். அவர் பேரு, அவங்க அப்பா பேரு, கதவு எண், தெருப் பேரு. "இங்கே எனக்கு நம்பர்தான் அடையாளம். என் பேரோட எங்க அப்பா பேரும் எங்க தெருவும் சேர்ந்து இருக்கிறது இந்தச் சீட்டுலதான். இதை ஒரு வருஷமும் விட்டுடாதே"ன்னாரு. வரி வேண்டாம்னு சொல்றவங்க, அந்தச் சீட்டையும் சேர்த்து வேண்டாம்னு சொல்றீங்கங்கிறதை யோசிக்கணும்.

அதனால கேக்க வேண்டியது வேற. எல்லையில இருக்கிறவன் வீட்டுக்கு பாக்கின்னா, பூட்டின கதவுல நோட்டீஸ் ஒட்டாதீங்க. ஒரு போன் பண்ணுங்க. அபராதம்னு ஒத்தை ரூபாய் போடாதீங்க. 2023-லேருந்து ஊராட்சி வரியை இணையத்துலேயே கட்டலாம். அதை அவர் முகாம்லேருந்தே கட்டுறதுக்குச் சொல்லிக் கொடுங்க. அதுக்கும் மேல மரியாதை பண்ணணும்னு அரசாங்கத்துக்கு ஆசை இருந்தா, இங்கிலாந்துல செஞ்ச மாதிரி அந்த வரித் தொகையை அரசாங்கமே கொடுக்கட்டும். ரசீது மட்டும் அவர் பேர்லேயே வரட்டும்.

நடுவர் ஐயா, அவர் எல்லையில விழிச்சிருக்கிறது எதுக்கு? நாங்க இங்கே பயமில்லாம நடக்கிறதுக்கு. அந்த நடைக்கு வெளிச்சம் கொடுக்கிறது ஊராட்சிப் பெட்டி. அவர் காவலும் வேணும், அவர் வரியும் வேணும். எங்களுக்கு விலக்கு வேண்டாம், விளக்கு போடுங்க! அதனால படைவீரர் வீட்டு வரி கட்டத்தான் வேண்டும் என்று தீர்ப்பளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(பலத்த கைதட்டல்)