கணக்கேடும் கடலும்



தொழில் நிலைத்து நிற்பது பற்றிப் பேசப் பணித்தார்கள். நிர்வாகப் பொறுப்பிலுள்ள நம் பிள்ளைகளுக்காக, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலின் கதையைச் சொல்கிறேன்.

1968-இல் அங்கே பிடிபட்ட காட் மீன் ஏறத்தாழ 8 லட்சம் டன். 1980-களில், மீன் சிறுத்துவிட்டது, குறைந்துவிட்டது என்று கரையோரச் சிறுபடகுக்காரர்கள் முறையிட்டார்கள். அதிகாரிகளோ பெரிய இழுவைக் கப்பல்களின் கணக்கையே பெரிதும் நம்பினார்கள். அதில் குறைவு தெரியவில்லை. எப்படித் தெரியும்? எஞ்சிய மீன்கூட்டத்தைக் கருவி வைத்துத் தேடித் தேடி அல்லவா வலை இழுத்தார்கள்!

1992 ஜூலையில் தடை வந்தது. சுமார் 30,000 பேர் பிழைப்பிழந்தார்கள். முன்பே முறையிட்டவர்களும் அவர்களுள் அடக்கம். தடையை அரசு விலக்கியது 2024-இல்தான். அப்போதும் அனுமதித்த அளவு 18,000 டன்.