நடைபாதை யாருக்கு?

(மில் கேட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியையும் போனஸையும் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் இவன் நடைபாதையைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று சிலர் நினைக்கலாம். ராத்திரி ஷிப்டு முடிந்து பஸ் நிலையத்துக்கு எதன்மேல் நடந்து போகிறீர்கள்? நடுரோட்டின்மேல்! நடைபாதையில் கார் நிற்கிறது. அதற்கு அப்பால் மோட்டார் சைக்கிள் வரிசை. பின்னால் லாரி வந்தால் ஒதுங்க ஓரடி இடம் இல்லை.

2022-ம் வருஷத்தில் நம் நாட்டு ரோடுகளில் அடிபட்டுச் செத்த பாதசாரிகள் 32,825 பேர். இது சர்க்காரே வெளியிட்ட கணக்கு. நாள் ஒன்றுக்குச் சுமார் 90 பேர்! அத்தனை பேரும் நடைபாதையில் நின்ற வண்டியால் செத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நடைபாதையை இழந்தவன் ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டும். அப்படி இறங்குகிறவர்கள் யார்? நாமும் நம் பிள்ளைகளும்தான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. நடைபாதையில் வண்டி நிறுத்தக்கூடாது என்று 1989-ம் வருஷத்து விதியே சொல்லிற்று. 2017-ல் வந்த புது விதியும் அதையே சொல்கிறது. இடைஞ்சலாக நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லப் போலீசுக்கு அதிகாரம் உண்டு. 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லிவிட்டது: தடையில்லாத நடைபாதை, உயிர் வாழும் உரிமையில் ஒரு பகுதி.

ஆகவே, போலீசார் அந்த வண்டிகள்மேல் நடவடிக்கை எடுத்தால் நாம் எதிர்க்க மாட்டோம், வரவேற்போம். நடவடிக்கை யார்மேல் பாய்கிறது என்பதில்தான் நமக்குச் சண்டை.

எங்கள் ஊர்க் கடைவீதியில் நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். நடைபாதையைச் சுத்தம் செய்கிறோம் என்று ஒரு நாள் காலை அதிகாரிகள் லாரியோடு வந்தார்கள். அங்கே ஒரு அம்மாள் கீரை விற்பார். வயலில் கூலி வேலை இல்லாத நாளில் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கீரைக்கட்டோடு வருகிறவர். அவருடைய கூடையைத் தூக்கி லாரியில் எறிந்தார்கள். பத்தடி தள்ளிப் பெரிய ஜவுளிக்கடை. அதன் வாசலில், நடைபாதையை முழுக்க அடைத்துக்கொண்டு மூன்று கார்கள். "இதை எடுக்கவில்லையா, ஐயா?" என்று கேட்டேன். "கடைக்காரரிடம் சொல்லி எடுக்கச் சொல்கிறோம்" என்றார் அதிகாரி. காருக்குச் சொல்லி அனுப்ப நேரம் இருக்கிறது. கீரைக் கூடைக்கு ஒரு வார்த்தை சொல்ல நேரம் இல்லை!

அந்த அம்மாளுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது, தோழர்களே. 2014-ம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டம். வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் தர வேண்டும். அழுகும் சரக்கென்றால், கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். வியாபாரக் கமிட்டியில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். இது அந்த அம்மாளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தும், அன்றைக்குப் பட்டியல் கேட்கத் தோன்றவில்லை. கீரை வாடிப்போயிற்று. அது என் தவறு.

இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும். சங்க ஆபீஸ் வாசலில், நடைபாதைமேல்தான் நம் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தி வந்தோம். என்னுடையதும் அதில் ஒன்று. ஒரு நாள் ஊதுபத்தி விற்கும் கண் தெரியாத பெரியவர் என் வண்டியில் மோதி விழுந்தார். முழங்கையில் ரத்தம். "பழகின பாதைதானே என்று வந்தேன் தம்பி" என்றார். எனக்குத் தலை குனிந்துவிட்டது. ஜவுளிக்கடைக்காரன் செய்தால் அக்கிரமம், நாம் செய்தால் அவசரமா? மறுநாளே வண்டிகளைப் பின்புறக் காலி இடத்துக்கு மாற்றினோம்.

முதல் தடவைக்கு 100 ரூபாயாக இருந்த அபராதம் 2019-ல் 500 ரூபாயாக உயர்ந்தது. மொபெட்டில் வரும் தொழிலாளிக்கு அது பெரிய அடி. காரில் வருகிறவருக்கோ ஒரு வேளை ஓட்டல் பில். அதனால் அபராதம் மட்டும் போதாது. வழியை அடைக்கும் காரை இழுத்துச் செல்லவும் வேண்டும்.

நம் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, சிறிய வண்டி, பெரிய வண்டி என்று பாராமல் ஒரே சட்டம். இரண்டு, பெரிய கடைகள் வாடிக்கைக்காரர் வண்டிகளைத் தங்கள் சொந்த இடத்திலேயே நிறுத்த ஏற்பாடு செய்ய வேண்டும். மூன்று, தெரு வியாபாரிகளுக்கு 2014 சட்டப்படி இடமும் சான்றிதழும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மில் கேட்டிலிருந்து பஸ் நிலையம் வரை நாம் நடப்போம். எந்த வாசலில் எத்தனை வண்டி என்று எழுதுவோம். அந்தக் கணக்கோடு கமிஷனரிடமும் போலீஸ் அதிகாரியிடமும் மகஜர் கொடுப்போம். கீரைக்கார அம்மாளும் நம்மோடு வருகிறார். நீங்களும் வாருங்கள். வருகிறவர்கள் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள்!