ஷட்டரை இறக்கிய பிறகு



இரவு பத்து மணிக்கு நம் ஊர்க் கடைத்தெருவில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. மளிகைக்கடை, தையல்கடை, ஜெராக்ஸ் கடை, பேக்கரி என்று எல்லாம் அடைபடுகின்றன. பூட்டைப் போட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் புறப்படுகிறோம். ஆனால், நம் மனம் நம்மோடு வருகிறதா? அது இன்னும் கல்லாவில்தான் உட்கார்ந்திருக்கிறது. நாளைக்குச் சரக்கு வந்தால் பணத்துக்கு எங்கே போவது? கடை வாடகைக்கு என்ன செய்வது? இருபதாம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்கு முடிக்க வேண்டுமே! காலையில் கடை திறந்ததும் தண்டல்காரர் வந்து நிற்பாரே! சோற்றில் கை வைத்திருக்கும்போதே செல்பேசி ஒலிக்கிறது. பிள்ளை ஏதோ சொல்ல வருகிறது. "இரு, அப்புறம்" என்கிறோம். அந்த அப்புறம் வருவதே இல்லை.

கடையில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்கு ஓய்வு தரச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டிலேயே வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறையை அவருக்கு உரிமையாக்கியது. முதலாளிக்கு விடுமுறை கொடுப்பது யார்? அவருக்கு அவரே கொடுத்துக்கொண்டால்தான் உண்டு. சிறுதொழில் செய்யும் நம்மில் பலர் அதைக் கொடுத்துக்கொள்வதில்லை.

ஓய்வு என்ற பெயரில் நாம் செய்வதைக் கொஞ்சம் பார்ப்போம். நள்ளிரவு வரை செல்பேசியில் காணொளிகளைத் தள்ளிக்கொண்டே இருக்கிறோம். சிலர் கடையிலிருந்து நேரே மதுக்கடைக்குப் போகிறார்கள். "நாள் முழுவதும் மாடாய் உழைக்கிறேன், இதுகூடக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் இருக்கும் களைப்பு உண்மையானது. ஆனால், மருந்து தவறானது. களைப்பை மறப்பது வேறு, களைப்பு ஆறுவது வேறு. மறந்த களைப்பு காலையில் தலைவலியோடு திரும்பி வருகிறது. அதன் சுமையை மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து சுமக்கிறார்கள்.

அன்பர்களே, திருத்தூதர் பேதுருவும் ஒரு சிறுதொழில் முதலாளிதான். அவருக்குப் படகு இருந்தது. யாக்கோபும் யோவானும் தொழிலில் அவருடைய பங்காளிகள் என்று லூக்கா எழுதுகிறார். இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் கிடைக்காமல் கரை சேர்ந்த கவலை அவருக்குத் தெரியும். இப்படி உழைப்பின் கஷ்டம் அறிந்தவர்களைத்தான் இயேசு தம் சீடர்களாக வைத்திருந்தார். மாற்கு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில், பணிக்கு அனுப்பப்பட்ட அவர்கள் திரும்பி வருகிறார்கள். சாப்பிடக்கூட நேரம் இல்லாத அளவுக்குக் கூட்டம். அப்போது இயேசு அவர்களிடம் இன்னும் கொஞ்சம் உழையுங்கள் என்று சொல்லவில்லை. தனிமையான இடத்துக்குப் போய்ச் சற்று ஓய்ந்திருக்க அழைக்கிறார். வேலை முடிந்துவிட்டதா என்றால், இல்லை; கூட்டம் அங்கேயும் வரத்தான் செய்தது. எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் ஓய்வு என்று காத்திருந்தால் ஓய்வு வராது என்பதை ஆண்டவர் அறிந்திருந்தார்.

"சாமி, ஒருநாள் அடைத்தால் வாடிக்கை போய்விடுமே" என்று நாம் சொல்வோம். இந்தப் பயம் பொய்யல்ல. அடுத்த தெருவில் பெரிய கடை வந்துவிட்டது. செல்பேசியில் சொன்னால் வீட்டுக்கே பொருள் வருகிறது. இதே பயம் பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்களுக்கும் இருந்தது. ஆறாம் நாளில் இரு மடங்கு மன்னா கிடைத்தும், ஏழாம் நாளிலும் சிலர் பொறுக்கப் போனார்கள். ஒன்றும் கிடைக்காமல் திரும்பினார்கள். அவர்களுக்குக் குறைந்தது உணவு அல்ல, நம்பிக்கை. ஓய்வு என்பது வெறும் உடல் சமாச்சாரம் அல்ல. "நான் கையை எடுத்தாலும் இந்த உலகம் ஓடும், என்னைத் தாங்குகிறவர் ஒருவர் இருக்கிறார்" என்று கதவை அடைத்துச் சொல்லும் விசுவாச அறிக்கை அது.

நம் ஊரிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. பல ஊர்களில் செவ்வாய்க்கிழமை முடிதிருத்தும் கடைகள் மூடியிருக்கும். அதற்காக நாம் யாராவது முடிவெட்டாமல் இருந்துவிட்டோமா? புதன்கிழமை போய் வரிசையில் உட்காருகிறோம். எந்த நாள் விடுமுறை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால், ஊர் அதற்கேற்பப் பழகிக்கொள்கிறது. மே 5-ஆம் நாள் வணிகர் தினத்துக்குக் கடை அடைக்கிறோம். மறுநாள் வாடிக்கையாளர் வரத்தான் செய்கிறார்.

சரி, என்ன செய்யலாம்? முடிந்ததிலிருந்து தொடங்குவோம். அன்றைய கணக்கைக் கடையிலேயே முடித்து, நோட்டைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவோம். கடைக்கு ஒரு எண், வீட்டுக்கு ஒரு எண் என்று வைத்துக்கொண்டால், கடை எண்ணை இரவில் அணைத்துவைக்கலாம். வீட்டுக்கு வரும் வழியில் கோயில் திறந்திருந்தால் ஐந்து நிமிடம் நற்கருணை ஆண்டவர் முன் உட்காருவோம். கடன், வாடகை, வராத பாக்கி எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டு எழுந்தால், வீட்டுக்குள் கொண்டுபோகும் சுமை பாதியாகும். வீட்டில் முதல் கால்மணி நேரம் பிள்ளைகளுக்கு. ஞாயிறு முழுவதும் முடியாவிட்டால் மதியம் வரையாவது அடைப்போம். "ஞாயிறு காலை விடுமுறை" என்று பலகை எழுதி மாட்டுவோம். எழுதி மாட்டிவிட்டால் மனம் மாறாது. குடும்பமாகத் திருப்பலிக்குப் போய், சேர்ந்து உட்கார்ந்து அவசரமில்லாமல் சாப்பிடுவோம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1998-இல் ஆண்டவரின் நாளைப் பற்றி எழுதிய திருத்தூது மடலில், வழிபாட்டோடு ஓய்வையும், குடும்பத்தையும், பிறரன்பையும் சேர்த்தே பேசினார்.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. ஓய்வுநாள் கட்டளை வீட்டுத் தலைவருக்கு மட்டும் கொடுக்கப்படவில்லை. பணியாளர், அந்நியர், கால்நடை வரை எல்லாருக்கும் அது உண்டு. நாம் வீட்டில் ஓய்ந்திருக்க, கடைப்பையன் மட்டும் கடையில் நின்றுகொண்டிருந்தால் அது ஆண்டவரின் ஓய்வு ஆகாது.

கடை வைக்காத நமக்கும் இதில் பங்கு உண்டு. ஷட்டர் பாதி இறங்கிய பிறகு "அண்ணாச்சி, ஒரே ஒரு பாக்கெட்" என்று தட்டுகிறவர்கள் யார்? இரவு பதினொரு மணிக்குத் தையல்காரரை அழைத்து "ஜாக்கெட் ஆயிற்றா?" என்று கேட்கிறவர்கள் யார்? கடன் நோட்டில் நம் பெயருக்கு நேரே மாதக்கணக்கில் நிற்கும் பாக்கி ஒருவருடைய தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நினைத்துப் பார்த்திருக்கிறோமா? இந்த வாரம் அந்தப் பாக்கியைக் கொடுத்துவிடுவோம். அவருக்கு நாம் தரக்கூடிய சிறந்த ஓய்வு அதுவாக இருக்கலாம்.

புயலடித்த படகில் தலையணை வைத்து உறங்கிய ஆண்டவரே, எங்கள் கவலைகளை உம் கையில் வைத்துவிட்டு உறங்க எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்கள் கடைகளையும் தொழிலையும், எங்களோடு உழைப்பவர்களையும், வீட்டில் எங்களுக்காகக் காத்திருப்பவர்களையும் ஆசீர்வதியும். ஆமென்.